பாலிலிருந்து பாலுக்கே: தாய்ப்பால் மறக்கடித்த ஒரு குழந்தைக்கு வந்த இரத்தசோகை (நிகழ்வு ஆய்வு)

தாய்ப்பாலை நிறுத்திப் பாக்கெட் பாலுக்கு மாற்றிய இரண்டாவது மாதத்தில், 13 மாதப் பெண் குழந்தை ஒன்று வெளிறிய முகத்தோடும் கடும் மலச்சிக்கலோடும் குழந்தைகள் நலப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அன்றிலிருந்து ஐந்து மாதம் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறோம். குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

இது அரிய நோய் அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம், பாசத்தோடு அளவுக்கு மீறி ஊட்டப்படும் பால். குழந்தைக்குப் பால் கொடுப்பதில் கெடுதல் இருக்கும் என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தோன்றுவதில்லை. இதை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

பின்னணி

குடும்பம் திருப்பூர் பகுதியைச் சேர்ந்தது. தாய்க்கு 25 வயது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தந்தை சரக்கு வண்டி ஓட்டுகிறார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தந்தையின் அம்மா.

முதல் குழந்தை. 38 வாரத்தில் சுகப்பிரசவம், பிறப்பு எடை 2.6 கிலோ. கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தாயின் ஹீமோகுளோபின் 8.9 கிராம் என்று தாய் சேய் நல அட்டையில் பதிவாகியிருந்தது. இந்த வரி முக்கியமானது. குழந்தை முதல் ஆறு மாதம் பெரும்பாலும் வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்தைக் கொண்டே சமாளிக்கிறது. அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் நிரம்பும். தாய்க்கே இரத்தம் குறைந்து, பிறப்பு எடையும் சற்றுக் குறைந்தால், குழந்தை கையிருப்பு குறைவாகவே பிறக்கிறது.

மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் ஆறு வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. குழந்தைக்கு ஐந்து மாதம் நிறையும் முன்பே தாய் வேலைக்குத் திரும்பினார். அதுவரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருந்தார்.

ஐந்தாம் மாதம் முதல் பதினொன்றாம் மாதம் வரை

தாய் வேலைக்குப் போன நாளிலிருந்து பகலில் இரண்டு புட்டிப் பால் தொடங்கியது. பாக்கெட் பாலைக் காய்ச்சி, பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி, புட்டிக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். பாக்கெட் பால் கனமானது, குழந்தைக்கு மந்தம் தட்டும் என்பது பாட்டியின் பயம். தண்ணீர் கலந்தால் உப்பும் புரதமும் குறைவது உண்மை. கூடவே கொழுப்பும் கலோரியும் பாதியாகிவிடும். வயிறு நிறையும், வளர்ச்சிக்கு வேண்டியது போய்ச் சேராது. ஏழாம் மாதத்திலிருந்து தண்ணீர் கலக்காமல் கொடுத்தார்கள். புட்டிகளின் எண்ணிக்கை மெல்ல மெல்லக் கூடியது.

திட உணவு ஏழாம் மாதம் தொடங்கியது. ரசம் சாதம், பாலில் நனைத்த பிஸ்கட், சர்க்கரை தொட்ட இட்லி. பருப்பு வாயு, கீரை மாந்தம், முட்டை சூடு என்று மூன்றையும் ஒரு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிவைத்தார்கள். அங்கன்வாடியில் வாங்கிய சத்துமாவுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே வீட்டில் இருந்தன. துணை சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து சிரப்பை (வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் 1 மி.லி.) இரண்டு தடவை கொடுத்த பிறகு மலம் கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டார்கள். இரும்பு மருந்து எடுத்தால் மலம் கறுப்பது இயல்பு. மருந்தைக் கையில் கொடுத்தபோது அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படவில்லை.

ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசி சரியான நாளில் போடப்பட்டது. எடை 7.7 கிலோ, அட்டையில் பச்சைப் பகுதியில் புள்ளி வைக்கப்பட்டது. குழந்தை கொழுகொழுவென்று இருந்ததால் வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

பால் மறக்கடித்த மூன்று நாட்கள்

பதினொன்றாம் மாதத்தில் தாயின் ஷிப்ட் மாறியது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து பால் கொடுத்துவிட்டுக் காலை ஆறரை மணி வண்டியைப் பிடிக்க முடியவில்லை. பத்து மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் சத்து இருக்காது என்று அக்கம்பக்கத்திலும் சொன்னார்கள். அது தவறு. இரண்டாம் வயதிலும் தாய்ப்பால் குழந்தையின் கலோரித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தர முடியும். ஆனால் தூக்கமில்லாமல் மெஷின் சத்தத்தில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் ஒரு பெண், தாய்ப்பாலை நிறுத்த நினைத்ததைக் குறையாகப் பார்க்க இடமில்லை. கோளாறு, நிறுத்திய விதத்தில் இருந்தது.

மார்புக் காம்பில் வேப்பெண்ணெய் தடவினார்கள். குழந்தை ஒரு முறை வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறியது. அடுத்த நாள் காலையில் குழந்தையை அம்மாயி (தாயின் அம்மா) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலும் தாயும் ஒரே நாளில் கண்ணிலிருந்து மறைந்த அந்த மூன்று நாளில், அழும்போதெல்லாம் வாயில் புட்டி வைக்கப்பட்டது. பசிக்காக இருந்த புட்டி அன்றிலிருந்து ஆறுதலுக்கும் ஆனது. பின்னால் அதை விடுவிக்க இவ்வளவு பாடு பட்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தாய்க்கு இரண்டாம் நாளே பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகியது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். பிரசவமான உடனே பால் சுரப்பை நிறுத்த வேண்டிய பெண்களுக்கு மல்லிகை உதவுகிறதா என்று மருத்துவ ஆய்வே நடந்திருக்கிறது. பல மாதமாக நன்றாகச் சுரக்கும் மார்பு வேறு. இங்கே பூவோடு சேர்த்து இறுக்கமான துணியும் சுற்றப்பட்டது. துணி அழுத்திய இடத்தில் பால் தேங்கியது. மூன்றாம் நாள் மாலை குளிர்காய்ச்சல், இடது மார்பில் ஆப்பு வடிவில் சிவப்பு. மார்பழற்சி என்று கண்டறிந்து அருகிலிருந்த மருத்துவர் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் குணமானது. அதன் பிறகு பத்துப் பதினைந்து நாள் காரணமே தெரியாமல் அழுகை வந்ததாகத் தாய் சொன்னார். பால் சுரப்பைத் திடீரென நிறுத்தும்போது உடலின் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) சட்டென்று இறங்குகின்றன. சில பெண்களுக்கு மனச்சோர்வு அப்போது வருவதுண்டு. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை, வேலை அலுப்பு என்றே நினைத்திருக்கிறார்கள்.

முதல் சந்திப்பு

குழந்தையைக் கொண்டுவந்ததற்கு வீட்டார் சொன்ன காரணம் மலச்சிக்கல். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, ஆட்டுப் புழுக்கை போல, சில சமயம் இரத்தக் கீற்றோடு மலம் போனது. சாப்பிட மறுக்கிறது, எப்போதும் சிணுங்குகிறது, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறது என்பவை துருவிக் கேட்ட பிறகே வெளியே வந்தன. வெளிறல் வீட்டில் யாருக்கும் படவில்லை. நிறம் கூடி வருகிறது என்று நினைத்திருந்தார்கள்.

எடை 8.4 கிலோ, உயரம் 73.5 செ.மீ. இரண்டும் வயதுக்கு ஏற்ற வரம்புக்குள். உள்ளங்கையும் கீழிமையின் உட்புறமும் காகிதம் போல வெளுத்திருந்தன. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 138, இதயத்தில் மெல்லிய முணுமுணுப்பு ஒலி. மூச்சுத்திணறல் இல்லை, கல்லீரல் வீக்கம் இல்லை. மேல் முன்பற்களின் ஈறோரத்தில் வெள்ளைப் பட்டை படர்ந்திருந்தது. இரவுப் புட்டியால் வரும் பற்சிதைவின் முதல் அடையாளம் அது.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 கிராம். இந்த வயதில் 10.5-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 56, சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 19.8, சிவப்பணு எண்ணிக்கை 41 லட்சம், தட்டணு 5.8 லட்சம், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவு உண்டா என்ற சோதனையும் நேர்மறையாக வந்தது.

சிறிய சிவப்பணு என்றால் தலசீமியா சிறுகூறும் (பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறின் லேசான வடிவம்) நினைவுக்கு வர வேண்டும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்தால் 13.7. இது 13-க்கு மேலே இருப்பதும், ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பதும் இரும்புக் குறைவையே காட்டின. தலசீமியா சிறுகூறைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவை இரும்புக் குறைவு பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் அந்தச் சோதனையை அப்போதைக்கு ஒத்திவைத்தோம்.

ஒரு நாளில் எவ்வளவு பால்?

ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் குடிக்கிறது என்று கேட்டதற்குப் பாட்டியின் பதில்: "ரெண்டு மூணு புட்டிதானுங்க டாக்டரு. சாப்பாடுதான் எறங்கவே மாட்டேங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்ததை மட்டும் அவர் கணக்கில் எடுத்தார். தூங்கவைக்கக் கொடுத்தது, அழுகையை அடக்கக் கொடுத்தது, நடு இரவில் கொடுத்தது எதுவும் அவர் மனத்தில் 'பால் கொடுத்தல்' ஆகவில்லை. அதனால் கேள்வியை மாற்றினோம். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள்? அரை லிட்டர் பாக்கெட் மூன்று. காபி எத்தனை பேர், எத்தனை முறை? மூன்று பேர், காலையும் மாலையும். அதற்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். தயிருக்கு உறை ஊற்றுவீர்களா? இல்லை, கடையில் வாங்குவோம். அப்படியானால் மீதி ஒரு லிட்டர் எங்கே போகிறது?

அதுவரை பேசாதிருந்த தாய், "அத்தை, ராத்திரி குடுக்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். புட்டியைப் பையிலிருந்து எடுத்து, எந்தக் கோடு வரை ஊற்றுவார்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். 180 மி.லி. காலை 6 மணி, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8 என ஐந்து முறை. நடு இரவில் 120. மொத்தம் 1,020 மி.லி.

இந்த எண் கிடைத்ததும் மற்றதெல்லாம் விளங்கியது. அவர்கள் வாங்குவது பச்சை பாக்கெட், 4.5 சதவீதக் கொழுப்பு உள்ள நிலைப்படுத்திய பால். 100 மி.லி.யில் ஏறத்தாழ 72 கலோரி. ஒரு லிட்டரும் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் 850 கலோரிக்கு அருகில் வருகிறது. 8.4 கிலோக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 700. சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமே இல்லை. குழந்தை "சாப்பிட மறுக்கவில்லை", அதற்குப் பசியே இல்லை.

கலோரி நிரம்பியதால் எடை கூடியது. ஆனால் அந்த ஒரு லிட்டர் பாலில் உள்ள இரும்பு சுமார் அரை மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்குதான் குடலில் உறிஞ்சப்படும். இந்த வயதுக்கு உணவின் மூலம் நாளொன்றுக்கு 8 மி.கி. இரும்பு வேண்டும். பாலின் சுண்ணாம்புச் சத்தும் கேசின் புரதமும் மற்ற உணவில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு முன்பே அதிகமாகக் கொடுக்கும் பசும்பால், சில குழந்தைகளின் குடலில் மிக நுண்ணிய இரத்தக் கசிவை உண்டாக்கும். மலச் சோதனையில் கண்டது அந்தக் கசிவாகவோ, இறுகிய மலம் கிழித்ததாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

பிறந்த நாளிலேயே குறைவாக இருந்த கையிருப்பு, இரும்பு இல்லாத உணவு, உறிஞ்சவிடாத பால், கூடவே கசிவு. தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதான். ஆனால் அதில் பாதியளவு உறிஞ்சப்படும். அந்தச் சிறு வரவும் பதினொன்றாம் மாதத்தோடு நின்றது. தாய்ப்பாலிலிருந்து சோற்றுக்கு வந்திருக்க வேண்டிய குழந்தை, பாலிலிருந்து பாலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரத்தம் ஏற்றவில்லை. இரத்தம் ஏற்றினால் உடனே சரியாகிவிடுமே என்று தந்தை கேட்டார். பல மாதங்களில் மெல்லக் குறைந்த இரத்தத்துக்கு உடல் பழகியிருந்தது. இதயம் திணறவில்லை. இந்த நிலையில் இரத்தம் ஏற்றுவதில் நன்மையை விட ஆபத்து அதிகம்.

வாய்வழி இரும்பு மருந்து, கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. என்ற கணக்கில் 25 மி.கி. மில்லிக்கு 10 மி.கி. இரும்பு உள்ள சொட்டு மருந்தில் 2.5 மி.லி., நாளைக்கு ஒரே வேளை. மருந்து புட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கும்படி அழுத்திச் சொன்னோம். இனிப்பான இரும்பு மருந்தை ஒரு குழந்தை முழுதாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. 12 மாதம் நிறைந்துவிட்டதால் குடற்புழு மருந்தும் (ஆல்பெண்டசோல் 200 மி.கி., அரை மாத்திரையைப் பொடித்து) ஒரு முறை கொடுத்தோம்.

பாலை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தோன்றியது உண்மை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்புதான் இந்தக் குழந்தை ஒரு பாலை ஒரே நாளில் இழந்திருந்தது. மேலும், சாப்பாடு இன்னும் பழகாத குழந்தைக்கு பால் போய்விட்டால் கலோரியும் போய்விடும். மூன்று வாரத்தில் 400 மி.லி.க்கு இறக்குவது இலக்கு. அதன் பிறகு 500-ஐ எந்த நாளும் தாண்டக் கூடாது.

பால்மாவுக்கு மாற்றவில்லை. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு அது தேவையில்லை. செலவு கூடும், புட்டியும் தொடரும். பாலின் வகையையும் மாற்றவில்லை. இரண்டு வயது வரை கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம், இருப்பதையே தண்ணீர் கலக்காமல் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்றோம்.

மறுபடியும் தாய்ப்பால் கொடுக்க முடியுமா என்று தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாதது இல்லை. அடிக்கடி வாய் வைக்கவிட்டால் சுரப்பு திரும்பலாம். ஆனால் அதற்குப் பகலும் இரவும் பல வாரம் குழந்தையோடு இருக்க வேண்டும். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டோம். மனச்சோர்வு தொடர்கிறதா என்று விசாரித்தோம், அப்போது தெளிந்திருந்தது. அவருடைய ஹீமோகுளோபின் 9.2. அவருக்கும் இரும்பு மாத்திரை தொடங்கினோம்.

பாலைக் குறைத்த விதம்

நான்கு நாளுக்கு ஒரு புட்டி என்று கணக்கு. முதலில் எடுத்தது காலை 9.30 புட்டி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பசி வர வேண்டுமென்றால் அதுதான் முதலில் போக வேண்டும். அடுத்து 1 மணிப் புட்டி. இந்த இரண்டும் போன பிறகு, முன்பு மூன்று ஸ்பூனோடு வாயை மூடிக்கொண்ட குழந்தை ஒரு சிறு கிண்ணத்தில் பாதியைச் சாப்பிட்டது. நடு இரவுப் புட்டியை எட்டாம் நாளிலிருந்து இரண்டு இரவுக்கு 20 மி.லி. வீதம் குறைத்து, பதினெட்டாம் நாள் வெறும் தண்ணீர் இரண்டு மடக்கு சங்கில் கொடுத்தார்கள். நான்கு இரவு அழுகை, ஐந்தாம் இரவு தூக்கம்.

மிஞ்சிய 6 மணி, 4.30 பாலைப் புட்டியிலிருந்து டம்ளருக்கு மாற்றினார்கள். சிறிய எவர்சில்வர் டம்ளரில் முதலில் 30 மி.லி. மட்டும், மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கீழுதட்டில் விளிம்பு படும்படி. புட்டியைக் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தால் போதாது, வீட்டிலிருந்தே போக வேண்டும் என்று சொல்லியிருந்தோம். இரவு 8 மணிப் புட்டிதான் கடைசி வரை போராடியது. நான்காவது வாரத்தில் அதுவும் நின்று, பாட்டி முதுகைத் தட்டித் தூங்கவைத்தார். சர்க்கரை முதல் வாரத்திலேயே நின்றது.

உணவுப் பட்டியல் புதிதாக எதையும் வாங்கவைக்கவில்லை. காலையில் இட்லி, சர்க்கரைக்குப் பதில் கெட்டிச் சாம்பார். பத்து மணிக்கு வேகவைத்த முட்டை, முதலில் கால் பாகம், தடிப்பு வாந்தி இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் முழு முட்டை. மதியம் குழைந்த சாதம், அதில் மூன்றில் ஒரு பங்கு பருப்பு, ஒரு கரண்டி கீரை, ஒரு டீஸ்பூன் நெய். கூடவே எலுமிச்சைச் சாறு சில துளி அல்லது கொய்யாத் துண்டு. வைட்டமின் சி பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உறிஞ்ச உதவுகிறது. மாலையில் பிரிக்காமல் இருந்த அதே சத்துமாவு, தண்ணீரில் கஞ்சியாக. வாரம் இரு முறை வீட்டில் கோழி எடுக்கும்போது, எலும்பில்லாத கறியை அம்மியில் நசுக்கிச் சாதத்தோடு. ஈரல் வாரம் ஒரு முறை, ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு அதிகம். பேரீச்சம்பழ சிரப் வாங்கட்டுமா என்று கேட்டார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை, காசு வீண் என்று சொன்னோம்.

நான்காவது வாரம்: எதிர்பார்த்தது வரவில்லை

மலச்சிக்கல் இரண்டாம் வாரத்திலேயே சரியானது. சாப்பாடு கூடியது. சிணுங்கலும் குறைந்திருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 7.8. நான்கு வாரத்தில் குறைந்தது ஒரு கிராம் ஏறியிருக்க வேண்டும், ஏறியது 0.4.

மருந்து வேலை செய்யாதபோது அடுத்த பெரிய சோதனைகளுக்குப் போவதுதான் வழக்கமான ஓட்டம். தலசீமியா, குடல் உறிஞ்சல் கோளாறு, ஊசி வழி இரும்பு என்று பட்டியல் தயாராக இருந்தது. அதற்கு முன் பாட்டியிடம், மருந்தை எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படியே இங்கே செய்து காட்டுங்கள் என்று கேட்டோம். அவர் பையிலிருந்து, போய்விட்டதாக நாங்கள் நினைத்த பால்புட்டியை எடுத்தார். அடியில் கழுவியும் போகாத பழுப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. மருந்து துவர்க்கிறது, குழந்தை துப்புகிறது என்று தினமும் இரவுப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். கொடுத்த இரும்பில் பெரும்பகுதியைப் பாலே பிடித்துவைத்துக்கொண்டது. பாதி குடித்து மீதியை வைத்த நாட்களில் மருந்தும் புட்டியிலேயே தங்கியது.

வேறு சோதனை எதுவும் எழுதவில்லை. மருந்தைக் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில், பாலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னால், ஊசியில்லா சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் சிறிது சிறிதாக விடும்படி அங்கேயே செய்துகாட்டினோம். நாக்கின் நடுவில் விட்டால் துப்பும், பல்லில் பட்டால் கறை பிடிக்கும். உடனே இரண்டு ஸ்பூன் சாத்துக்குடிச் சாறு. காலைப் பால் 6 மணியிலிருந்து 8 மணிக்குத் தள்ளிப்போனது. மருந்து கொடுக்கும் பொறுப்பைத் தாயே ஏற்றுக்கொண்டார். வேலைக்குக் கிளம்பும் முன் குழந்தையோடு இருக்கும் அந்தப் பத்து நிமிடம் தனக்கும் வேண்டியிருக்கிறது என்றார்.

பிறகு நடந்தது

எட்டாவது வாரம் 9.3. பன்னிரண்டாவது வாரம் 10.9. சுண்ணாம்பு தின்பது ஆறாவது வாரத்துக்குள் தானாக நின்றிருந்தது. மலத்தில் இரத்தக் கசிவுச் சோதனை எட்டாவது வாரம் எதிர்மறை.

இந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் மருந்து நிற்கிறது. இரத்த அளவு சரியானது, உடலின் கையிருப்பு இன்னும் காலி. ஆகவே மேலும் பத்து வாரம் தொடர்ந்தோம். எடை கூடியதால் அளவு 2.8 மி.லி. ஆனது. 22-ஆவது வாரத்தில், குழந்தைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்தபோது, ஹீமோகுளோபின் 11.7, எம்.சி.வி. 74, ஃபெரிட்டின் 27, எடை 9.7 கிலோ. இரும்புச் சிகிச்சையை நிறுத்தி, துணை சுகாதார நிலைய சிரப்பை வாரம் இரு முறை தொடரச் சொன்னோம். இந்த முறை மலம் கறுக்கும் என்பதைப் பாட்டியே மற்றவர்களுக்குச் சொல்கிறார். பால் நாளைக்கு 350 முதல் 400 மி.லி., டம்ளரில். வீட்டில் இப்போது வாங்குவது இரண்டு பாக்கெட்.

முழுதும் சரியாகாதது ஒன்று உண்டு. மேல் முன்பற்கள் இரண்டில் வெள்ளைப் பட்டை பழுப்புக் குழியாகிவிட்டது. பல் மருத்துவர் ஃபுளோரைடு பூசி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். குழந்தைப் பருவத்து நீடித்த இரும்புக் குறைவு மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும் என்பதால், பேச்சும் நடையும் இரண்டு வயது வரை கவனிக்கப்படும். பதினெட்டு மாதத்தில் தனியாக நடக்கிறது, பத்துச் சொற்களுக்கு மேல் சொல்கிறது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

தாய் வேலைக்குத் திரும்பும் தேதி பிரசவத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. பாலைக் கையால் பீய்ச்சிச் சேமிக்கும் முறையை அப்போதே கற்றுக்கொடுத்திருக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் உள்பக்கத்தில் நான்கு நாள் வரை அது கெடாது. நம் ஊர் வெயிலில் வெளியே நான்கு மணி நேரம் வைப்பதுகூட ஆபத்து. அது போதாமல் போயிருந்தாலும், ஐந்தாம் மாதத்தில் தேவைப்பட்டது பால்மாவு, தண்ணீர் கலந்த பாக்கெட் பால் அல்ல. ஆறு மாதத்துக்குப் பிறகு சமையலில் கொஞ்சம் பாலும் தயிரும் சேர்வதில் தவறில்லை. குடிக்கும் பாலாகப் பசும்பால் ஒரு வயது நிறைந்த பிறகு வருவதே நல்லது.

பதினொன்றாம் மாதத்தில் தாய்ப்பாலை நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும், ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு வேளை என்று எடுத்திருந்தால் ஐந்து வாரத்தில் முடிந்திருக்கும். பகல் வேளையை முதலில், தூங்கப்போகும் நேரத்துப் பாலைக் கடைசியில். நிறுத்திய வேளைக்கு ஈடாகச் சாப்பாடு ஏறியிருக்க வேண்டும். மார்பு இறுகினால் வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி, குளிர்ந்த துணி ஒத்தடம். முழுதும் பீய்ச்சினால் மீண்டும் சுரக்கும், இறுக்கிக் கட்டினால் தேங்கும். வேப்பெண்ணெய் குழந்தையை விலக்கிவிடும், பால் சுரப்பு அதனால் குறைவதில்லை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசி நாள் தவறவிட்ட வாய்ப்பு. அதற்கு அடுத்த தவணை பதினாறு மாதத்தில்தான். எடைப் புள்ளி பச்சையில் இருந்ததால் எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். எடையை மட்டும் பார்த்தால் பால் இரத்தசோகை தெரியவே தெரியாது. உள்ளங்கையை விரித்துப் பார்ப்பதும், வீட்டில் எத்தனை பாக்கெட் பால் வாங்குகிறீர்கள் என்று கேட்பதும் ஒரு நிமிட வேலை.

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. இரும்பு மருந்தை எழுதிக் கொடுத்த முதல் நாளே, அதை எதோடு, எந்த நேரத்தில், எதில் ஊற்றிக் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தால் நான்கு வாரம் வீணாகியிருக்காது. பாலோடு சேர்க்கக் கூடாது என்று தாயிடம் சொன்னோம். மருந்தைக் கொடுக்கப்போகிற பாட்டி அப்போது வெளியே குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். இப்போது இந்தப் பிரிவில் இரும்பு மருந்து எழுதும் ஒவ்வொரு குழந்தைக்கும், அதைக் கையால் கொடுக்கப்போகிறவர் யார் என்று முதலில் கேட்கிறோம். அவர் வரும்வரை காத்திருந்து, முதல் வேளை மருந்தை அவர் கையாலேயே இங்கே கொடுக்கவைத்து அனுப்புகிறோம்.